சந்தில் வைத்த கேமரா

என் மகளின் பெயரைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள் என்று என்னிடம் வந்து சொன்னவர் பால்காரர். காலையில் பாக்கெட்டுகளை என் கடை வாசலில் இறக்கிவைத்த பிறகும் போகாமல் நின்றார். "யக்கா, தப்பா நெனச்சுக்கிராதீக. ஜின்னிங் பேக்டரி சொவத்துல ஒங்க பிள்ள பேரு கெடக்கு. நான் சொன்னேன்னு யாருட்டயும் சொல்லிராதீக" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தெரு பாளையம்பட்டியின் ஓரத்தில் இருக்கிறது. மெயின்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவுக்குள் வர ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் முழுக்க, எப்போதோ மூடிவிட்ட, பருத்தியில் கொட்டை நீக்குகிற ஜின்னிங் பேக்டரியின் நீளச் சுவர். எதிர்ப்பக்கம் குடோன்களின் முதுகு. அந்தச் சுவரைச் சும்மா விட்டவன் இந்த வட்டாரத்தில் கிடையாது. கட்சிக்காரர்கள் எழுதினார்கள், மூல வைத்தியர் எழுதினார், குடித்துவிட்டு வருகிறவர்கள் கரித்துண்டால் படம் வரைந்தார்கள். என்ன படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கைப் போடப் போட எவனாவது கல்லை விட்டெறிந்து உடைத்தான். எங்கள் பிள்ளைகள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்துகொண்டே போய் வந்தார்கள்.

கடையைத் திறந்துபோட்டபடி ஓடினேன். நீலப் பெயின்டில், ஓர் ஆள் உயரத்துக்கு, என் பிள்ளையின் பெயர். பக்கத்தில் இதயம் போட்டு அம்பு விட்டிருந்தது. அம்பின் மறுமுனையில் எவனோ ஒருவனின் பெயருக்கு முதலெழுத்து மட்டும். கீழே ஒரு வரி. அந்த வரியை நான் இங்கே எழுத மாட்டேன். யா அல்லா, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எழுதினவன் மட்டும் அந்த நேரம் எதிரில் வந்திருந்தால் அவன் கையை ஒடித்திருப்பேன், சத்தியமாக.

பயம் பெயரைப் பார்த்து வந்ததல்ல. என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறார். மகளை அருப்புக்கோட்டை காலேஜில் சேர்க்க அவர் லேசில் சம்மதிக்கவில்லை. பிளஸ் டூ போதும், நிக்காஹ் பேசலாம் என்றுதான் நின்றார். நான் சாப்பிடாமல் கிடந்து, போனை எடுக்காமல் இருந்து, அழுது, சண்டை போட்டுத்தான் சேர்த்தேன். கடைசியில் அவர் சொன்னது இது: "சரி, போகட்டும். ஆனா அவளப் பத்தி ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே நிப்பாட்டிருவேன். அப்ப நீ குறுக்க வரக்கூடாது." நான் சரி என்று சொல்லியிருந்தேன். இப்போது அவள் இரண்டாம் வருடம் பி.காம். அந்தப் படிப்பு அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய், கொல்லையில் பெருநாளுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். விளக்குமாற்றாலேயே அப்பினேன். எழுத்து மறைந்துவிட்டது. மூச்சு வந்தது. ஆனால் அழுக்குச் சுவரின் நடுவில் அந்த ஓர் இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. மத்தியானத்துக்குள் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அந்த வெள்ள அடிச்ச எடத்துல என்ன எழுதியிருந்துச்சு?" தீப்பெட்டி வாங்க வந்தவருக்கும் அதே கேள்வி. எழுத்தை விட்டுவைத்திருந்தால்கூட இவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு மதினிதான் வழி சொன்னாள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். நாங்கள் வேறு மதம், அவர்கள் வேறு. வந்த நாள் முதலாக எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி. அவளுக்கும் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் இருக்கிறது. "கூறுகெட்டவளே, ஒரு எடத்த மட்டும் அழிச்சா அந்த எடத்தத்தானே எல்லாரும் பாப்பாக? மொத்தச் சொவத்தையும் அடிச்சிருவோம். எது எங்க இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியப்போகுது?" என்றாள். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கண்டக்டர் மாமா வீட்டுக்குப் போனோம்.

கண்டக்டர் மாமா ரிட்டயர்டு ஆள். தெருக் கமிட்டி என்று ஒன்று இருந்தால் அது அவர்தான். பஸ்ஸில் ஏறின கூட்டத்தை அதட்டுகிற மாதிரியே தெருவையும் அதட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சந்துக்கு இழுத்துவந்துவிட்டார். ஆனால் வெள்ளையடிப்பது லேசாக இல்லை. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து இந்த இடம் எங்களுக்கு ஒதுக்கினது என்று நின்றார்கள். மாமா அவர்களைத் தனியே கூட்டிப்போய் என்ன சொன்னாரோ, போய்விட்டார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றுக்கு முன்னால் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா மொகத்துல சுண்ணாம்ப அடிக்கப்போறீகளாய்யா?" என்று கேட்டார். யாருக்கும் மனசு வரவில்லை. அந்தப் போஸ்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தோம். பொழுது சாய்கிறபோது சந்து வேறு சந்தாக இருந்தது. பிள்ளைகள் சுவரைப் பார்த்தபடி நடந்தார்கள்.

அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வெள்ளைச் சுவரைக் கண்டால் எவனுக்குத்தான் கை சும்மா இருக்கும்? மறுபடி கரிக்கோடு, மறுபடி படம். புதுசாகப் போட்ட விளக்கையும் உடைத்தார்கள். தினமும் காலையில் நான் முதல் ஆளாகப் போய்ச் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் படித்துவிட்டுத்தான் கடையைத் திறந்தேன். என் மகள் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தொண்டையில் டீ இறங்கும்.

அப்புறம்தான் கேமரா யோசனை வந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர்த்து ஒரு வாட்சப் குரூப் உண்டு. மாமா அதில் ஒரு குரல் கொடுத்தார். பணம் வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாப் முனையில் ஒன்று, தெரு முனையில் ஒன்று என்று கேமரா மாட்டினோம். ரெக்கார்டு பெட்டி மாமா வீட்டில். விளக்கும் எரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தோம். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினவருக்கு வீடியோ அனுப்ப வேண்டும். வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினால் வீடியோ, காது குத்தினால் வீடியோ, கல்யாணத்தில் பந்தி பரிமாறினால் அதற்கும் வீடியோ. அனுப்பாவிட்டால் நன்றிகெட்ட ஜனம் என்று பெயர் வரும். கேமராவை மாட்டின ஆள், "இதுல வீடியோவே அனுப்ப வேணாம் சார், பாஸ்வேர்டக் குடுத்தீகன்னா அவுக போன்லயே லைவா பாத்துக்கிரலாம்" என்றான். மாமா மலர்ந்துபோய் பாஸ்வேர்டைக் குரூப்பில் போட்டுவிட்டார். யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவோம்? காசு கொடுத்தவர்களுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா?

அதற்குப் பிறகு எவனும் சுவரில் எழுதவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் போன் வர ஆரம்பித்தது. நம் ஊரில் காலேஜ் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரம், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சந்தை சீரியல் மாதிரி பார்த்தார்கள். குவைத்திலிருந்து மதினியின் கொழுந்தன் கூப்பிட்டு, "காய்காரன்ட்ட அம்புட்டு நேரம் என்ன பேச்சு?" என்று கேட்டானாம். இவள் நேராகக் கேமராவுக்குக் கீழே போய் நின்று, கையை நீட்டி, "வெண்டிக்கா முத்தல்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்டா, நல்லாப் பாத்துக்க" என்று கத்திவிட்டு வந்தாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதில் குரல் கேட்காது, படம் மட்டும்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வந்த போனில் சிரிக்க ஒன்றுமில்லை. "பஸ்ஸ விட்டு எறங்கி வாரா. கையில போனு. சிரிச்சுக்கிட்டே வாரா. யாருட்டடி பேசுறா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கூடப் படிக்கிற பிள்ளையா இருக்கும். நான் கேக்குறேன்" என்றேன்.

"அந்தச் சொவத்துல என்னமோ எழுதிருந்துச்சாமே. நீ போயி அழிச்சியாமே. குரூப்புல ஒருத்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

எதை மறைக்க விளக்குமாற்றோடு ஓடினேனோ அது கடல் தாண்டிப் போய்விட்டிருந்தது. எவனோ போக்கிரி எழுதினதுக்கு நம் பிள்ளை என்ன செய்யும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் சத்தம் போடவே இல்லை. அவர் சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம், அமைதியாகப் பேசினால்தான் ஆபத்து. "திங்கக்கெழமையில இருந்து அவ போக வேணாம். நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அவள் என்னை மாதிரி கத்துகிற ஜாதி இல்லை. "ம்மா, சிரிச்சது குத்தமா?" என்று மட்டும் கேட்டாள். செமஸ்டர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நீ போ, வருகிறதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கிளம்பிப் போனாள். அன்றைக்கு முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். சில்லறையை மாற்றிக் கொடுத்து இரண்டு பேரிடம் ஏச்சு வாங்கினேன். போன் வரவில்லை. மகள் வழக்கமான நேரத்துக்கு வந்து, முகம் கழுவி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மனுசன் மனசு இரங்கிவிட்டார் போல என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை கூப்பிட்டார். குரல் பழைய மாதிரி இருந்தது. சாப்பிட்டியா, கடை எப்படிப் போகுது என்றெல்லாம் கேட்டார். அப்புறம், "பரவால்ல, சொன்ன பேச்சக் கேட்டு நிப்பாட்டிட்ட. நாலு நாளா பாக்குறேன், பிள்ள அந்தப் பக்கம் வரவே இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் போகிறாள், தினமும் வருகிறாள். சந்தில் வரவில்லை என்றால் எந்த வழியாக வருகிறாள்? அப்போதுதான் தலையில் யாரோ தட்டினது மாதிரி உறைத்தது. பேக்டரிக்குப் பின்னால் சீமைக் கருவேலங்காடு. அடுத்த ஸ்டாப்பில் இறங்கினால் அதற்குள் புகுந்து தெருவின் பின்பக்கம் வந்து சேரலாம். அதை வழி என்று நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். ஆண்பிள்ளைகளே இரண்டு பேராகத்தான் போவார்கள். பாட்டில், சீட்டாட்டம், அதற்கு மேலும் என்னென்னவோ நடக்கிற இடம்.

கடையை மதினியிடம் விட்டுவிட்டு ஓடினேன். வெயில் இறங்கியிருந்தது. காலுக்குக் கீழே உடைந்த கண்ணாடி நொறுங்கியது. உள்ளே நாலைந்து பேர் துண்டை விரித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து என்னமோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் நிற்கவில்லை. வளைவைத் தாண்டினால், எதிரே மூன்று பெண்பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் என் மகள், கடைசியில் மதினியின் மகள். அவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒருவன் விசில் அடித்துக்கொண்டே வந்தான். நான் போட்ட கூச்சலில் அவன் அப்படியே மரத்துக்குள் புகுந்துவிட்டான். என் மகளின் பர்தா முழங்கைப் பக்கம் முள்ளில் கிழிந்திருந்தது. கையில் ரத்தக் கோடு.

"ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இங்க என்ன நடக்கும்னு தெரியுமா ஒனக்கு?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தெரியும்மா" என்றாள். "அங்க வந்தா அத்தா பாக்குறாக. இங்க குடிகாரனுக பாக்குறானுக. குடிகாரனுக யாரும் வீட்டுக்குப் போன் பண்ணிக் காலேஜ நிப்பாட்டச் சொல்ல மாட்டானுக."

எனக்கு அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மூன்று பேரையும் முன்னால் விட்டு நடத்திக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் பத்திரமாக நடக்கட்டும் என்று வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, கேமரா மாட்டின சந்து. அதில் ஆடு மாடு நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் முள்ளுக்குள் நடக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேராகக் கண்டக்டர் மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். தன் மகள் சொல்லித் தெரிந்துகொண்ட மதினியும் கையில் கடைச் சாவியோடு வந்துவிட்டாள். இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள் சத்தம் கேட்டு வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொருத்திக்கும் ஒரு போன் வந்திருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வெளியே சொல்லவில்லை.

மாமா கையைப் பிசைந்தார். "காசு குடுத்தவுகளுக்கு நான் என்னத்தா பதில் சொல்ல? இன்னொருவாட்டி ஒண்ணுக்குக் கேட்டா குடுப்பாகளா?"

"காட்டுக்குள்ள எங்க பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்களுக்கு என்ன பதில் சொல்லுவீக? அதுக்கும் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவீகளா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். மனுசன் முகம் செத்துப்போயிற்று. அவருக்கும் காலேஜ் போகிற பேத்தி இருக்கிறது. மாமா கேமரா ஆளுக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

பாஸ்வேர்டை மாற்றினோம். புதுசு எனக்கும் மதினிக்கும் மட்டும்தான் தெரியும். சுவரில் யாராவது எழுதினாலோ, பிள்ளைகளிடம் எவனாவது வம்பு பண்ணினாலோ மட்டும், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். குரூப்பில் தீப்பிடித்தது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்றான் ஒருவன். பொம்பளைங்க ராஜ்ஜியமா என்று கேட்டான் மற்றவன். மதினியின் கொழுந்தன் குரூப்பை விட்டே வெளியே போய்விட்டான். மதினி, போனால் போகட்டும், வெண்டைக்காயாவது நிம்மதியாக வாங்கலாம் என்றாள்.

ராத்திரி ஆவதற்குள் என் போன் அடித்தது, என் வீட்டுக்காரர்தான். மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு எடுத்தேன். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. அவள் காலேஜுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன். நீங்கள் பார்க்கிறீர்கள் என்று கருவேலங்காட்டுக்குள் வந்தாள் என்றேன். பர்தா கிழிந்ததைச் சொன்னேன், விசிலைச் சொன்னேன், குடிகாரர்களைப் பற்றி அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"காட்டுக்குள்ளயா?" என்றார் கடைசியில். "எனக்குப் பயந்துக்கிட்டா?"

"ஆமா."

அப்புறம் அவரே பேசினார். "படிக்கட்டும். நான் இனிமே ஒண்ணும் சொல்லல. யாரு என்ன சொன்னாலும் படிக்கட்டும். ஆனா அந்தக் கேமராவ மட்டும் எனக்குக் குடு. நான் ஒருத்தன் மட்டும் பாத்துக்கிறேன், வேற எவனுக்கும் சொல்ல மாட்டேன்."

"எதுக்கு?" என்றேன். எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறிவிட்டது. "இன்னும் என்ன சந்தேகம்?"

"சந்தேகமில்லடி. நான் வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு, அவ வார நேரத்துக்குப் போன எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் கெளம்பி வரும்போது அவ பாவாட சட்ட. இப்ப தோள்ல பையப் போட்டுக்கிட்டு எம்புட்டு ஒசரமா வாரா. எங்கம்மா நடக்குற மாதிரியே நடக்குறா. வீடியோ கால்ல மூஞ்சி மட்டுந்தானே தெரியும். எம்பிள்ள நடந்து வாரத நான் அதுல மட்டுந்தான் பாத்தேன்."

இத்தனை நாளும் இந்த மனுசன்மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கொடுத்துவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஓர் அத்தாவுக்குக் கொடுத்தால் எல்லா அத்தாவுக்கும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கும். இவர் வண்டிக்குள் கண் கலங்க உட்கார்ந்து பார்க்கிறார் என்பது அந்தச் சந்தில் நடக்கிற பிள்ளைக்குத் தெரியாது. யாரோ பார்க்கிறார்கள் என்பதுதான் தெரியும்.

"லீவப் போட்டுட்டு வாங்க" என்றேன். "வந்து பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. அவ எறங்குனதும் கூடச் சேந்து நடந்து வாங்க. நேர்லயே பாத்துக்கிரலாம்."

"இந்த வருசமும் லீவு இல்ல" என்றார்.

தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டு, மகளுக்குக் கேட்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் அவள் சந்து வழியாக வந்தாள், யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் வருகிற நேரத்துக்கு இப்போதும் தம்மாமிலிருந்து மெசேஜ் வரும். வந்துட்டாளா என்று கேட்பார். வந்துட்டா என்று எழுதுவேன். பாஸ்வேர்டை அவர் அப்புறம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.